யார் செய்த வினை

மனிதர் படும் துன்பங்களைச் சாங்கிய நூலார் மூன்று கூறாக வகுத்து வைத்தனர். தன் உடலிலும் உள்ளத்திலும் தானே முளைப்பது ஆத்தியாத்மிகம். பிற ஜீவராசிகளால் வந்து சேர்வது ஆதிபௌதிகம். தெய்வத்தாலும் கிரகங்களாலும், மழை, காற்று, இடி முதலியவற்றின் சீற்றத்தாலும் நேர்வது ஆதிதைவிகம். பித்தம் மிகுந்து வரும் தலைவலியும், பக்கத்து வீட்டுக்காரன் மாடி எழுப்பும்போது நமக்கு வரும் நெஞ்செரிச்சலும் முதல் வகையைச் சார்ந்தவை. பாம்புக் கடியும் பகைவன் வாளும் இரண்டாம் வகை. வெள்ளமும் வறட்சியும் மூன்றாம் வகை. இந்தப் பாகுபாட்டில் எனக்கு நெடுநாளாகப் பற்று உண்டு. துன்பத்தை ஒழிக்க இயலாமற் போனாலும் அதனை இனம் பிரித்தாவது வைத்தார்களே என்ற நன்றியுணர்ச்சி அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆயினும், ஓர் அறையில் புகுந்து மற்றோர் அறையின் வழியாக வெளிப்படும் நோயொன்றின் சரித்திரத்தைப் படித்த பிறகு, இந்த மூன்று அறைகளுக்கும் இடையே உள்ள சுவர்கள் நம் முன்னோர் எண்ணிய அளவுக்கு உறுதியானவை அல்ல என்று எனக்குத் தோன்றத் தொடங்கிற்று.

1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அதுகாறும் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சத்தாரோடு சேர்த்தே பேசப்பட்டு வந்த ஒரு விசேஷம் அம்மக்களிடமும் உண்டு என்று வெளியிட்டனர். மருத்துவர்கள் சிக்கிள் செல் என்றும், தமிழில் எழுதுவோர் அரிவாள் அணுச் சோகை என்றும் கூறும் நோயின் வித்து அது. இந்நோய் முற்றும் வாய்த்த குழந்தையின் சிவப்பணுக்கள், பிராணவாயு குறைந்த இடத்தை அடைந்ததும், தம் வட்ட வடிவத்தை இழந்து, கதிரறுக்கும் அரிவாள் போல் வளைந்து விறைத்து, மயிரிழையினும் மெல்லிய ரத்தக் குழாய்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கி அடைத்துக்கொள்ளும். அவ்வாறு அடைபட்ட இடத்தில், எலும்பைப் பிளப்பது போன்ற வலி எழும், மண்ணீரல் கெடும், சோகை நீங்காது, சாதாரணக் குழந்தை இரண்டு நாள் இருமித் தீர்த்துவிடும் தொற்றுகூட இக்குழந்தையின் உயிரைக் குடிக்கும். மருத்துவ வசதி எட்டாத நாடுகளில் இப்படிப் பிறந்த குழந்தைகளிற் பல ஐந்தாம் வயதைக் காண்பதில்லை.

இந்த நோயை மூன்று அறைகளுள் எதில் வைப்பது? எந்தப் பிராணியும் அக்குழந்தையைக் கடிக்கவில்லை, எந்தக் கிருமியும் அதன் உடலில் இல்லை, இடி விழவில்லை. அதன் சொந்த ரத்தத்தின் அமைப்பே அதற்குப் பகையாக இருக்கிறது. ஆகவே ஆத்தியாத்மிகம் என்று எழுதி முத்திரையிட்டுவிடலாம் என்றே யாரும் எண்ணுவர். 1910-ஆம் ஆண்டில், சிகாகோ நகரில் பல் மருத்துவம் பயில வந்திருந்த கிரனடாத் தீவு மாணவர் ஒருவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்கள் இருந்ததை ஹெரிக் என்னும் மருத்துவர் முதன்முதலாக எழுதிய காலத்தில் அதற்குமேல் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவர் தோழர்களும், இது அணுவின் நோயன்று, அணுவினுள் இருக்கும் ஹீமோகுளோபின் என்னும் ஒரே புரத மூலக்கூறின் நோய் என்று காட்டினர். பின்னர் 1956, 1957 ஆண்டுகளில் வெர்னன் இங்கிராம் என்பார் அந்தப் பிழை எத்துணைச் சிறியது என்பதையும் கண்டுபிடித்தார். 146 மணிகள் கோத்த மாலை போன்ற ஒரு சங்கிலியில் ஒரேயொரு மணி மாறியிருக்கிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது. நம் மொழியில் 'குலம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குளம்' என்று எழுதிவிட்டால் வாக்கியம் முழுவதும் தடம் புரள்வதைப் போன்றது அது.

ஆனால் எழுத்துப் பிழை என்றால், அது ஏன் திருத்தப்படவில்லை? தன்னைச் சுமப்பவரைக் கொல்லும் பிழை சில தலைமுறைகளில் தானே மறைந்திருக்க வேண்டாமா? மறையாமல் ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலும் அரேபியாவிலும் இந்தியாவின் மலைக்காடுகளிலும் அது தழைத்திருக்கக் காரணம் என்ன? கென்யாவில் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற ஆன்டனி ஆலிசன் 1949-இல் தம் நாட்டுக்குத் திரும்பி வந்து பல இனத்தாரின் ரத்தத்தைச் சேகரித்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் வாழ்வோருள் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டோர் இந்தப் பிழையைச் சுமப்பதையும், குளிர்ந்த மேட்டு நிலத்தில் நூற்றுக்கு ஒருவர்கூடச் சுமக்காததையும் கண்டார். கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் பொதுவாக இருந்து மேட்டு நிலத்தில் இல்லாதது எது என்று எண்ணிப் பார்த்தவருக்கு விடை காதருகே ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தது. கொசு! மலேரியாக் கொசு.

1954-இல் அவர் வெளியிட்ட முடிபு இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிப்பது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஆக இரண்டு பிழைகளையும் பெற்ற குழந்தைக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தைக்கு நோயில்லை என்பதோடு, உயிரைப் பறிக்கும் மலேரியாவிலிருந்து பெருங்காப்பும் உண்டு. அதைச் சோதிக்க அவர் லுவோ இனத்து ஆடவர் முப்பது பேரின் உடலில் மலேரியாக் கிருமியைச் செலுத்தினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிழையைச் சுமக்காத பதினைவரில் பதினால்வரைக் காய்ச்சற் கிருமி பற்றிற்று. சுமந்த பதினைவரில் இருவரை மட்டுமே பற்றிற்று. அந்த முப்பது பேரின் பெயர்களை எந்தப் பாடப் புத்தகமும் அச்சிடுவதில்லை. இத்தகைய சோதனையை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

ஆகவே, குழந்தையின் எலும்பைப் பிளக்கும் வலி மற்றொரு ஜீவராசி தலைமுறை தலைமுறையாக நம் குருதியில் எழுதிவிட்டுச் சென்ற எழுத்து. ஆதிபௌதிகமாகத் தொடங்கியது ஆத்தியாத்மிகமாக உறைந்துவிட்டது. கடித்தவன் போன பிறகும் கடி எஞ்சி நிற்கிறது.

இந்த ஜீவராசியாகிய மலேரியாக் கிருமியின் பக்கத்திலிருந்தும் சற்று நோக்குவோம். 1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் லாவெரான் அதனை மனித ரத்தத்தில் கண்டார். 1897 ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். அதன் வகைகளுள் மிகக் கொடிதாகிய பால்சிபாரம், முன்னொரு காலத்தில் கொரில்லாவின் ரத்தத்தில் வாழ்ந்து பின்னரே மனிதனிடம் குடிபெயர்ந்தது என்று, ஆப்பிரிக்கக் காடுகளில் மனிதக் குரங்குகளின் சாணத்தைப் பொறுக்கிச் சோதித்தவர்கள் 2010-இல் நிறுவினர். சாணத்திலிருந்து ஓர் இனத்தின் பூர்வோத்தரத்தையே வாசித்துவிட்ட பொறுமையை எண்ணி வியக்காமல் இருக்க முடிவதில்லை. அந்தக் கிருமி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிவப்பணுவை உடைத்து வெளிவந்து அடுத்த அணுவில் புகுகிறது. நம் கிராமத்தார் முறைக்காய்ச்சல் என்று பெயரிட்டது அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான். நம் உடலின் காவலர்கள் அதன் மேலாடையை அடையாளம் கண்டுகொள்ளும் வேளையில் அது ஆடையை மாற்றிக்கொள்கிறது; அதன் பெட்டியில் ஏறத்தாழ அறுபது ஆடைகள் உண்டு.

சைவ சித்தாந்திகள், ஆன்மா தன் வினையை அனுபவித்துக் கழிப்பதற்காக இறைவன் அதற்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் படைத்துக் கொடுக்கிறான் என்பர். எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதங்களில் இந்தக் கிருமிக்கும் ஓர் இடம் உண்டென்றால், அதற்கும் இந்த நான்கும் அளிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் தனு எது என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். அதன் புவனம் எது? நம்முடைய ரத்தம். நமக்குத் தனுவாக இருப்பது அதற்குப் புவனமாக இருக்கிறது. அது தன் புவனத்தை அனுபவிக்கிறது. நாம் நம் தனுவில் நடுங்குகிறோம். இதில் பகை என்ற சொல்லுக்கே இடமில்லை. உழவன் நிலத்தின்மீது பகை கொண்டா உழுகிறான்?

உழவனைச் சொன்னது வெறும் உவமைக்காக அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பிழையின் பரவலை ஆராய்ந்த பிராங்க் லிவிங்ஸ்டன் 1958-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதர் காட்டை வெட்டி வெளியாக்கிக் கிழங்கு பயிரிடத் தொடங்கிய பிறகே வெயில் படும் குட்டைகள் பெருகின என்றும், அக்குட்டைகளில் மலேரியாக் கொசு பெருகிற்று என்றும், கொசுவைத் தொடர்ந்து காய்ச்சலும், காய்ச்சலைத் தொடர்ந்து இந்த ரத்தப் பிழையும் தழைத்தன என்றும் வாதித்தார். பயிர் செய்தவர்கள் பசியாற்றவே பயிர் செய்தனர்; அதில் பாவம் ஏது? நம் நாட்டிலும் இதன் சாயலைக் கண்டிருக்கிறோம். மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, புதிய கால்வாய்த் தண்ணீர் பட்டுக்கோட்டைத் தாலுக்காவின் வறண்ட நிலத்தில் பாய்ந்தபோது, நெல்லோடு மலேரியாவும் வந்து சேர்ந்தது. ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்கே முகாமிட்டு அதனை ஆராய்ந்தார். நாம் வெட்டிய வாய்க்காலின் வழியே நெல்லும் காய்ச்சலும் ஒரே மடையில் வந்தன என்பதைத் தஞ்சைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இங்கேதான் வினை என்ற சொல் நம்மை எதிர்கொள்கிறது. 'செயல்' என்னும் அதன் பழைய பொருளில், வினை இங்கே இருக்கத்தான் செய்கிறது. காடு வெட்டியது வினை. குளம் தேங்கியது அதன் பயன். பயனின் பயன் கொசு. அதன் பயன் காய்ச்சல். அதன் பயன் ரத்தத்தில் ஓர் எழுத்து மாறிய மனிதன் பிழைத்து, மாறாதவன் மடிந்தது. இறுதிப் பயன், பல நூறு தலைமுறைகளுக்குப் பின் ஒரு குடிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழும் குழந்தை. காரண காரியச் சங்கிலி எங்கும் அறவில்லை. ஆனால் செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவன். நம் கர்ம சித்தாந்தத்தின் உயிர்நாடியோ, செய்தவனே அனுபவிக்கிறான் என்பது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஒரு சபையின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். உபந்நியாசம் செய்தவர் நல்ல படிப்பாளி, குரலும் நன்று. சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்னும் மூவகை வினைகளையும் களஞ்சிய நெல், உலையில் இட்ட நெல், விதைக்கப் போகும் நெல் என்று உவமித்து அழகாக விளக்கினார். முடிவில், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து, "சாமி, இந்தப் பிள்ளை பேசக்கூடத் தெரியாதது. இது என்ன பாவம் செய்தது?" என்று கேட்டாள். "முற்பிறப்பில் செய்தது, அம்மா" என்றார் அவர். குரூரமாகச் சொல்லவில்லை, கனிவோடுதான் சொன்னார். அந்த அம்மாளும் தலையசைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் ஆறுதல் தெரிந்ததா, அல்லது கேட்டிருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் தெரிந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணிழந்து பிறந்தவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் யேசுநாதரைக் கேட்டதாக யோவான் சுவிசேஷத்தில் ஒரு கட்டம் உண்டு. இரண்டும் அல்ல என்று அவர் சொல்லிவிடுகிறார். மனிதர் எந்தக் கடற்கரையில் வாழ்ந்தாலும் நோயாளியைக் கண்டதும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான் போலும்.

சித்தாந்தி இதற்கு விடையில்லாமல் இருப்பவர் அல்லர். "உமது விஞ்ஞானம் கருவியைத்தான் காட்டுகிறது, கர்த்தாவைக் காட்டவில்லை. தன் வினைக்கு இத்தகைய உடலே பொருந்தும் என்னும் நிலையில் இருந்த ஆன்மாதான் அந்தத் தாய் தந்தையரிடம் வந்து பிறந்தது. கொசு, காடு, புரதம் எல்லாம் அந்த வினைப்பயனைக் கொண்டுவந்து சேர்த்த வண்டிமாடுகள்" என்று அவர் கூறலாம். இந்த வாதத்தை மறுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த உண்மையைக் கொண்டும் மறுக்க முடியாத அமைப்பில் அது இருக்கிறது. அதனாலேயே எந்த உண்மையும் அதற்குத் துணை நிற்கவும் முடியாது. ஆகவே அதன் மெய்ம்மையை விட்டு, அது யார் வாயில் பேசப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம். துன்பப்படுகிறவனே தன்னைக் குறித்து 'இது என் வினை' என்று சொல்லிக்கொண்டால் அது பொறுமை. சில வேளை வீரமுங்கூட. அருகில் நிற்பவன் அவனைப் பார்த்து அதே வாக்கியத்தைச் சொன்னால், அது தன் கையை மடியில் கட்டிக்கொள்வதற்கு ஒரு சால்ஜாப்பு.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், இக்காலத்துத் திருச்செங்கோட்டில், அடியார்களோடு தங்கியிருந்தபோது, உடன் வந்தவர்களைப் பனிச்சுரம் பற்றிற்று. குளிரும் காய்ச்சலும் சேர்ந்து வாட்டிய அந்த நோய்க்கு மலேரியா என்று பெயர் சூட்ட யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. பாடலின் கருத்தே நமக்கு வேண்டுவது. அப்போது பாடியது திருநீலகண்டப் பதிகம். நஞ்சைத் தன் கண்டத்தில் தாங்கியவனை ஆணையாக வைத்து வினை எம்மைத் தீண்டாது என்று முழங்கும் அப்பதிகத்தின் முதற்பாட்டிலேயே, இந்த வினைக்கு இந்தப் பயன் என்று சொல்லும் வாய்பாட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து உய்யும் வழியை நாடாமல் இருப்பது குறையல்லவா என்னும் பொருள்படக் கேட்கிறார் அவர். வினைக் கொள்கையை மறுத்தவரல்லர். அதன் பேரால் வாளாவிருப்பவரைக் கடிந்தவர். உபந்நியாசகருக்கு அந்தப் பதிகம் மனப்பாடமாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கர்மத்தை விட்டவர்கள் மற்றோர் ஆறுதலைப் பற்றிக்கொள்வதுண்டு. நோயும் மனிதனும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தால் நோய் சாந்தமடைந்துவிடும் என்பது அது. தன் வீட்டையே கொளுத்துகிற குடியானவன் எங்கே வாழ்வான் என்பது அதன் தர்க்கம். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி ஆஸ்திரேலியாவின் முயல்கள். பயிரை அழித்த முயல்களை ஒழிக்க 1950-இல் அங்கே மிக்ஸோமா என்னும் வைரஸைப் பரப்பினர். தொடக்கத்தில் அது பற்றிய நூறு முயல்களில் ஒன்றுகூடத் தப்புவது அரிது. சில ஆண்டுகளுக்குள் பிராங்க் பென்னர் முதலியோர் பார்த்தபோது, கடுமை குறைந்த வைரஸ் வகைகளே எங்கும் மிகுந்திருந்தன. முயல்களும் தலைமுறைக்குத் தலைமுறை எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தன. கண்டீர்களா, பிரபஞ்சத்தின் அடிநாதம் சமரசமே என்று மகிழ்ந்தவர்கள் பலர். ஆனால் அந்தச் சமரசத்தின் விலை எத்தனை கோடி முயல்கள்! மேலும், உடனே மடியாமல் சில நாள் உயிரோடு இருக்கும் முயல்தான் அந்த வைரஸை நன்கு பரப்ப முடியும் என்பதால் அதன் கடுமை ஓரளவு குறைந்தது, கருணையால் அன்று. மலேரியாவுக்கும் கருணை இல்லை. நோயாளி பாயில் அசைவற்றுக் கிடந்தால் கொசுவுக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தும் பால்சிபாரம் சாந்தமடையவில்லை. காலம் எல்லாவற்றையும் இனிதாக்கும் என்று நம்புவோர் காலத்துக்குத் தம் சொந்த நல்லெண்ணத்தைக் கடன் கொடுக்கிறார்கள்.

இன்னொரு புதிர் உண்டு. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. வைவாக்ஸ் என்னும் மற்றொரு மலேரியாக் கிருமி, சிவப்பணுவின்மேல் உள்ள டஃபி என்ற புரதத்தைக் கதவுத் தாழாகப் பயன்படுத்தி உள்ளே புகுகிறது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் அந்தத் தாழே இல்லை; அதனால் வைவாக்ஸ் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. இதற்காக அவர்கள் எந்த நோயையும் விலையாகக் கொடுப்பதாகத் தெரியவில்லை. ஒரு கவசம் இலவசமாகக் கிடைத்தது. மற்றொரு கவசத்துக்குக் குழந்தைகளின் எலும்பை விலையாகக் கேட்டார்கள். கேட்டார்கள் என்று எழுதிவிட்டேன். கேட்டவர் யாருமில்லை என்பதுதான் இங்கே நெஞ்சை உறுத்துவது. லீலை என்ற சொல்லை வேதாந்திகள் இத்தகைய இடங்களில் கையாளுவர். அச்சொல்லை நோயாளியின் கட்டிலருகே நின்று உச்சரிக்க எனக்கு நா எழுவதில்லை.

மலேரியாவும் ரத்தப் பிழைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கலாம் என்ற ஊகத்தை, ஆலிசனுக்கு முன்பே, தலசீமியா என்னும் வேறொரு சோகையைக் குறித்து வெளியிட்டவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். தொற்று நோய்களே மனித இனத்தின் பரிணாமத்தைச் செதுக்கிய பெரிய உளி என்று 1949-இல் அவர் எழுதினார். அந்த ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியப் பிரஜையாகி, நம் நாட்டு உடை உடுத்து, புலால் மறுத்து வாழ்ந்து, 1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேசுவரத்தில் காலமானார். மரணத்தை உளியாகக் கண்டவர் கொல்லாமையை விரும்பி வந்தது முரணா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இயற்கை எப்படி நடக்கிறது என்று அறிந்தவன், தானும் அப்படி நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார் என்றே கொள்கிறேன். இறந்த பின் தம் உடலைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர் படிப்புக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்துவிட்டுப் போனார்.

கொல்லாமை பேசும் நாம், கொயினா விழுங்கும்போது கோடிக்கணக்கான உயிர்களைக் கொல்கிறோமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை தொல்காப்பியம் அடுக்கிய வரிசையில் இந்தக் கிருமியை எங்கே நிறுத்துவது என்ற வாதத்தை நான் சமண நண்பர்களிடம் விட்டுவிடுகிறேன். காய்ச்சல் நூற்றைந்து பாகையைத் தொடும்போது அவர்களும் மருத்துவரைத்தான் அழைக்கிறார்கள். கொல்வதில் நமக்கு இருக்கும் தயக்கத்தைவிட, கொன்று முடித்துவிட்டோம் என்ற இறுமாப்பே நமக்கு அதிகத் தீங்கு செய்திருக்கிறது. 1934, 1935-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரை மலேரியாவுக்குப் பலிகொடுத்த இலங்கை, டி.டி.டி. மருந்தைத் தெளித்து, 1963-இல் நாடு முழுவதிலும் பதினேழே பேருக்கு அக்காய்ச்சல் என்னும் நிலையை எட்டிற்று. வேலை முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளிகள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டனர். இந்தியாவிலும் 1960-களின் நடுவில் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கிய கணக்கு 1976-இல் அறுபத்து நான்கு லட்சமாக ஏறிற்று, கொசு டி.டி.டி.க்கும், கிருமி குளோரோகுயினுக்கும் பழகிக்கொண்டன. இலங்கை மறுபடியும் பொறுமையாக உழைத்து, 2016-இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது.

மலேரியா குறைந்துவிட்ட மலையடிவாரத்திலும் அரிவாள் அணு குறையவில்லை. கடன் கொடுத்தவன் ஊரைவிட்டுப் போன பிறகும் வட்டி கட்டிக்கொண்டிருப்பது போல, காப்பின் தேவை தீர்ந்த பின்னும் அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்து வருகின்றன. ஒரு தாயின் வயிற்றில் நான்கு குழந்தைகள் பிறப்பதாகவும், தாய் தந்தை இருவரும் ஒரு பிழையைச் சுமப்பவர்களாகவும் வைத்துக்கொள்வோம். சராசரிக் கணக்கில் இருவர் கவசத்தோடு பிறப்பர். ஒருவன் கவசமும் நோயும் இன்றிப் பிறந்து காய்ச்சலின் தயவில் வாழ்வான். நான்காமவன் நோயோடு பிறப்பான். அந்த இருவருடைய கவசமும் நான்காமவனுடைய வலியும் ஒரே எழுத்து. தம்பி படும் துன்பம் அவன் முற்பிறப்பின் பாக்கி என்று சொல்லும் அண்ணன், தன் ஆயுள் அந்தத் தம்பியின் கணக்கில் எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்கவில்லை. நம் முன்னோர் தேவ ருணம், ரிஷி ருணம், பித்ரு ருணம் என்று பிறவியோடு வரும் கடன்கள் மூன்றை எண்ணினர். சுகமாக இருப்பவன் நோயுற்றவனுக்குப் பட்டிருக்கும் கடனை அவர்கள் தனியே எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. வினை என்னும் சொல் நோயாளியின் பக்கம் விரல் நீட்டுகிறது. கடன் என்னும் சொல் அந்த விரலை நம் பக்கம் திருப்புகிறது. மலேரியா இல்லாத நகரத்தில் அரிவாள் அணு இல்லாத ரத்தத்தோடு இருக்கும் நாம் அந்தக் குடும்பத்து அண்ணன் அல்லவே என்று தப்பிக்கவும் வழியில்லை. அம்மை, காலரா, பிளேக் என்று வந்து போன ஒவ்வொன்றிலும் யாரோ இறந்து, யாரோ பிழைத்து, பிழைத்தவர்களின் வாரிசாகவே நாம் இங்கே உட்கார்ந்து தத்துவம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2023 ஜூலை 1-ஆம் தேதி மத்திய அரசு, அரிவாள் அணுச் சோகையை 2047-க்குள் ஒழிக்கும் இயக்கம் ஒன்றை மத்தியப் பிரதேசத்துச் சாடோலில் தொடங்கிற்று; பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுப்பது திட்டம். மணம் பேசுகிறவர்கள் ஜாதகத்தோடு அந்த அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். நல்ல முயற்சி, ஆனால் அட்டையில் பிழை எழுதப்பட்ட பெண்ணுக்கு அது புதியதொரு தோஷமாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது அட்டை கொடுப்பதைவிடக் கடினமான வேலை. அதே ஆண்டின் இறுதியில் மேல்நாட்டில், அந்த ஓரெழுத்துப் பிழையால் வரும் கேட்டை மரபணுவிலேயே புகுந்து சரிக்கட்டும் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் ஒருவருக்கு அதன் விலை இருபத்திரண்டு லட்சம் டாலர். நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்துக் குடிசைக்கு அது வந்து சேரும் நாளை நாம் கணக்கிட வேண்டாம். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை மலிவானது. நாள்தோறும் உட்கொண்டால் வலி வரும் தடவைகள் குறைகின்றன. சோகை முற்றிய வேளையில் அக்குழந்தைகளுக்கு மாற்று ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த ரத்தம் எந்த ஆலையிலும் உற்பத்தியாவதில்லை. நம் நாட்டு விதிப்படி உடல் நலமுள்ள ஆண் தொண்ணூறு நாளைக்கு ஒருமுறையும், பெண் நூற்றிருபது நாளைக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம்.